சிடியா, கம்ப்யூட்டரா? வீட்டில் பாட்டுக் கேட்பவர்களுக்குச் சில குறிப்புகள்

கூடத்து அலமாரியில் வரிசையாக சிடிக்கள். பக்கத்திலேயே தட்டு வெளியே வராத ஒரு சிடி பிளேயர். "எல்லாத்தையும் லேப்டாப்பிலேயே கேட்டுக்கலாம், இதை எடைக்குப் போட்டுடலாம்" என்று வீட்டில் ஒருவர் சொல்வார். "சிடியில கேக்குற மாதிரி வருமா?" என்று இன்னொருவர் கேட்பார். இசைப் பிரியர்கள் இருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு அடிக்கடி நடக்கிறது. புது பிளேயர் வாங்குவதா, இருக்கிற கம்ப்யூட்டரை ஆம்ப்ளிபையரோடு இணைப்பதா என்று யோசிப்பவர்களுக்காக இவற்றை எழுதுகிறேன். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. 9-வது குறிப்பை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

1. ஒலித்தரத்தை வைத்து இந்த முடிவை எடுக்க வேண்டாம். பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து 1980-இல் வகுத்த சிடி தரத்தின்படி, ஒரு விநாடி இசை 44,100 மாதிரிகளாகப் பதிவாகிறது. ஒவ்வொரு மாதிரியும் 16 பிட் எண். அந்த எண்களைப் பிசகில்லாமல் கம்ப்யூட்டருக்கு எடுத்துவிட்டால் அங்கே இருப்பதும் அதே எண்கள்தான். 44,100 மாதிரிகளைக் கொண்டு 20,000 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேல் வரை ஒலியைத் திரும்ப உருவாக்கலாம். இளம் வயதுக் காதுக்கே அதுதான் எல்லை. வயது ஏற ஏற அது இன்னும் கீழே இறங்கும். 16 பிட் தருவது சுமார் 96 டெசிபல் வீச்சு. சீலிங் ஃபேன் ஓடும் கூடத்தில் அந்த வீச்சின் அடிப்பகுதி காற்றுச் சத்தத்துக்குள் மூழ்கிப்போகும். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று விற்கும் கோப்புகளுக்குக் கூடுதல் பணம் கொடுக்கும் முன் ஃபேனை நிறுத்திவிட்டு ஒரு ஆலாபனையைக் கேட்டுப் பாருங்கள். வித்தியாசம் உடனே தெரியும், செலவும் இல்லை.

2. வீட்டில் யார் கேட்கப்போகிறார்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். காலையில் எழுந்ததும் சுப்ரபாதமோ கந்த சஷ்டி கவசமோ போடுகிற அம்மாவுக்கு சிடி பிளேயரைவிட எளிய கருவி இல்லை: தட்டைத் திற, வட்டை வை, பொத்தானை அழுத்து. பாஸ்வேர்டு கேட்காது, அப்டேட் கேட்காது, நெட் போனாலும் நிற்காது. மாறாக, ஒரே பாட்டைப் பத்துப் பேர் பாடியதை அடுத்தடுத்து ஒப்பிட்டுக் கேட்க விரும்புகிறவருக்குக் கம்ப்யூட்டர்தான் வசதி. ஒரே வீட்டில் இந்த இரண்டு பேரும் இருந்தால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆம்ப்ளிபையரில் சிடிக்கு ஒரு துளை, கம்ப்யூட்டருக்கு ஒரு துளை என்று பிரித்து இணைப்பதில் எந்தச் சிரமமும் இல்லை. 'ஃபோனோ' என்று எழுதிய துளையில் மட்டும் எதையும் செருகாதீர்கள். அது இசைத்தட்டு சுழற்றும் டர்ன்டேபிளுக்கு மட்டும்.

3. இரண்டையும் ஒப்பிடுவதானால் முதலில் சத்தத்தைச் சமப்படுத்துங்கள். சிடி பிளேயரின் சிவப்பு-வெள்ளைத் துளைகளிலிருந்து உச்சத்தில் சுமார் 2 வோல்ட் வரும். லேப்டாப்பின் ஹெட்போன் துளை பெரும்பாலும் அதைவிடக் குறைவாகத்தான் தரும். அதனால் ஆம்ப்ளிபையரின் திருகைத் தொடாமல் மாற்றிக் கேட்டால் சிடி உரக்க ஒலிக்கும். உரக்க ஒலிப்பது நன்றாக ஒலிப்பதாகத் தோன்றுவது காதின் இயல்பு. "சிடியில்தான் உயிர் இருக்கிறது" என்ற நம்பிக்கை பல வீடுகளில் இப்படித்தான் பிறந்தது. போனில் ஒலியளவு காட்டும் செயலி ஒன்றைப் போட்டு, நீங்கள் உட்காரும் இடத்திலேயே வைத்து, இரண்டும் ஒரே அளவு காட்டும்வரை திருகைச் சரிசெய்யுங்கள். பிறகு எது ஓடுகிறது என்று தெரியாமல் கேளுங்கள். வீட்டில் ஒருவர் மாற்றி மாற்றிப் போட்டால் போதும்.

4. கையில் இருப்பது ஆடியோ சிடிதானா என்று பாருங்கள். ஆடியோ சிடியில் 74 அல்லது 80 நிமிடத்துக்குமேல் அடங்காது. '100 பாடல்கள்' என்று அட்டையில் இருந்தால் அது எம்பி3 கோப்புகள் நிரப்பிய வட்டு. அசல் சிடியில் விநாடிக்கு 1,411 கிலோபிட் தகவல் இருக்கிறது. அந்த வட்டுகளில் பெரும்பாலும் 128. மீதி போனது போனதுதான். எம்பி3-ஐ மறுபடி பெரிய கோப்பாக மாற்றி சிடியில் எழுதித் தருவார்கள். சக்கையைப் பெரிய பாத்திரத்தில் போட்டால் சாறு திரும்பிவராது. இப்படி ஒரு வட்டைப் போட்டுக் கேட்டுவிட்டு சிடி பிளேயரைக் குறை சொல்வதும் தவறு, கம்ப்யூட்டரைக் குறை சொல்வதும் தவறு.

5. புதிதாக வாங்கும் முன் பரணில் தேடுங்கள். பழைய டிவிடி பிளேயர் ஒன்று அங்கே கிடக்க வாய்ப்பு அதிகம். அது ஆடியோ சிடியையும் படிக்கும். பின்னால் சிவப்பு-வெள்ளைத் துளைகளும் இருக்கும். டிவியோடு இணைக்காமலே, வட்டைப் போட்டு பிளே அழுத்தினால் பாட ஆரம்பிக்கும். 'கோஆக்ஸியல்' அல்லது 'ஆப்டிகல்' துளை இருந்தால் இன்னும் நல்லது. அதன் வழியே எண்களாகவே வெளியே எடுத்து, 7-வது குறிப்பில் சொல்லும் டாக் பெட்டிக்குக் கொடுத்துவிடலாம். அப்போது அந்த டிவிடி பிளேயரின் மலிவான உள்சுற்று ஒலியைத் தொடாது.

6. பழைய சிடி பிளேயர் வாங்குகிறவர்கள் மூன்று வட்டுகளைக் கையோடு கொண்டுபோங்கள். ஒன்று, 70 நிமிடத்துக்கு மேல் நீளும் சிடி. வட்டை நடுவிலிருந்து விளிம்பு நோக்கித்தான் லேசர் படிக்கும். களைத்துப்போன லென்ஸ் கடைசிப் பாட்டில் திணறும். இரண்டு, வீட்டில் எழுதிய சிடி-ஆர். மூன்று, கொஞ்சம் கீறல் விழுந்த ஒன்று. தட்டு தயங்கித் தயங்கி வெளியே வந்தால் உள்ளே ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும். அது சிறிய செலவு. லென்ஸ் யூனிட் போயிருந்தால், அந்த மாடலுக்கு இப்போது கிடைக்கிறதா என்று சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரியான இடத்தில் விசாரித்த பிறகே பணம் கொடுங்கள். ரிமோட் இருக்கிறதா என்றும் பாருங்கள். சில பிளேயர்களில் பாதி வேலை ரிமோட்டில்தான் நடக்கும்.

7. கம்ப்யூட்டர் வழி போகிறவர்கள் முதலில் இதைச் சோதித்துப் பாருங்கள். வழக்கமாகக் கேட்கும் அளவில் திருகை வைத்து, பாட்டை நிறுத்திவிட்டு, மவுஸை நகர்த்துங்கள். ஸ்பீக்கரில் கீச்சென்றோ கரகரவென்றோ கேட்டால் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மின் இரைச்சல் ஹெட்போன் துளை வழியே கசிகிறது. எண்களை ஒலியலையாக மாற்றும் வேலையைப் பெட்டிக்கு வெளியே கொண்டுவந்தால் இது பெரும்பாலும் தீரும். அதைச் செய்யும் கருவிதான் டாக். யூஎஸ்பியில் செருகும் கட்டைவிரல் அளவு டாங்கிளிலிருந்து பெரிய பெட்டி வரை கிடைக்கிறது. சோதனையில் எந்தச் சத்தமும் கேட்கவில்லை என்றால் டாக் வாங்கும் அவசரமே இல்லை. அந்தப் பணம் ஸ்பீக்கருக்குப் போகட்டும்.

8. லேப்டாப்பை ஆம்ப்ளிபையரோடு இணைத்ததும் 'ம்ம்ம்' என்று ஒரே சுருதியில் இரைந்தால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால், இரண்டு கருவிகளும் வெவ்வேறு பாதையில் எர்த் ஆவதுதான் காரணம். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகுங்கள். அல்லது கேட்கும் நேரத்தில் பேட்டரியில் ஓட்டுங்கள். ஆப்டிகல் வயர் வழி இணைக்க முடிந்தால் பிரச்சினை வேரோடு போகும், அதில் ஓடுவது ஒளிதான். மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை வெட்டிவிட மட்டும் யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். அது உயிருக்கு ஆபத்து. கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் உறுமினால் அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருக்கும். சைன் வேவ் வகையில் இந்தத் தொல்லை இராது.

9. வீட்டில் எழுதிய வட்டுகளை இந்த வாரமே கம்ப்யூட்டருக்கு மாற்றுங்கள். கல்யாணத்து நாதஸ்வரம், மகளின் அரங்கேற்றம், தாத்தா பேசியது, கோயில் திருவிழாக் கச்சேரி என்று 2000-களில் பதிந்தவை பெரும்பாலும் சிடி-ஆர் வட்டுகளில் இருக்கும். கடையில் வாங்கிய சிடியில் தகவல் அச்சில் வார்த்த பள்ளங்களாக இருக்கிறது. சிடி-ஆரில் இருப்பது லேசர் சுட்ட ஒரு சாயப்பூச்சு. வெயிலும் வெப்பமும் அந்தச் சாயத்தைத் தின்னும். நம் ஊரில் இரண்டுக்கும் குறைவில்லை. மேலே பசையிட்டு ஒட்டிய காகித லேபிள் இருந்தால் இன்னும் மோசம். அந்த ஒலிக்கு உலகத்தில் வேறு பிரதி இல்லை. அடுத்த வரிசை, இப்போது இல்லாமல் போன சிறு நிறுவனங்கள் வெளியிட்ட கச்சேரி சிடிக்கள். எங்கும் கிடைக்கிற சினிமாப் பாட்டுகளைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். பலரும் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்துவிட்டு, பிடித்த படப் பாட்டுகளிலேயே உற்சாகம் தீர்ந்து நின்றுவிடுகிறார்கள்.

10. சிடியிலிருந்து எடுக்கும் வேலையை அவசரமில்லாத மென்பொருளிடம் கொடுங்கள். விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, மேக்கில் எக்ஸ்எல்டி இரண்டும் காசு கேட்காதவை. சந்தேகமான இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்து உறுதி செய்கிறவை. புது லேப்டாப்பில் வட்டுப் பெட்டி இருக்காது. யூஎஸ்பியில் இணைக்கும் டிவிடி ரைட்டர் ஒன்று தேவைப்படும்.

எடுத்தது சரிதானா என்று பார்க்க 'அக்யுரேட்ரிப்' என்ற பொதுத் தகவல் தளம் இருக்கிறது. உங்கள் கோப்பின் கணக்கையும், அதே சிடியை எடுத்த மற்றவர்களின் கணக்கையும் அது ஒப்பிட்டுச் சொல்லும். நம் கர்நாடக இசை சிடிக்கள் பல அந்தத் தளத்தில் இருக்காது. கவலை வேண்டாம். ஒரே வட்டை இரண்டு முறை எடுக்கச் சொல்லுங்கள். எக்ஸாக்ட் ஆடியோ காப்பியில் 'டெஸ்ட் அண்ட் காப்பி' என்று அதற்கு ஒரு கட்டளையே உண்டு. இரண்டு முறையும் ஒரே எண் வந்தால் அநேகமாகப் பிசகில்லை. ஒரு டிரைவ் படிக்க மறுத்த வட்டை இன்னொன்று எளிதாகப் படிப்பதும் உண்டு. அதனால் ஒரே முயற்சியில் எந்த வட்டையும் கைவிடாதீர்கள்.

11. ஃபிளாக் வடிவத்தில் சேமியுங்கள். 2001-இல் வந்த இது யாருக்கும் சொந்தமில்லாத, திறந்த வடிவம். ஒரு எண்ணையும் இழக்காமல் கோப்பைச் சுமார் பாதி அளவுக்குச் சுருக்கும். ஒரு மணி நேர சிடி 635 எம்பி என்றால் ஃபிளாக்கில் 300 முதல் 400 எம்பி. ஐந்நூறு சிடி வைத்திருப்பவருக்கு 200 ஜிபி போதும், பாதி டெரா வட்டுகூட நிரம்பாது. இடத்தை மிச்சப்படுத்த எம்பி3-இல் எடுத்த காலம் முடிந்துவிட்டது. காருக்கோ போனுக்கோ எம்பி3 வேண்டுமென்றால் ஃபிளாக்கிலிருந்து எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம், எதிர்த்திசையில் முடியாது.

12. ராகம்-தானம்-பல்லவி கேட்கிறவர்கள் இடைவெளியைக் கவனியுங்கள். சிடியில் ராகம் ஒரு தடம், தானம் ஒரு தடம், பல்லவி ஒரு தடம், தனியாவர்த்தனம் ஒரு தடம் என்று பிரித்திருப்பார்கள். சிடி பிளேயரில் ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குவது காதுக்கே தெரியாது. கம்ப்யூட்டரிலும் போனிலும் சில செயலிகள் இடையில் அரை விநாடி மௌனத்தை வைத்துவிடும். தம்பூராவின் நாதம் அறுந்து மறுபடி தொடங்கும். எம்பி3 கோப்புகளில் முன்னும் பின்னும் சிறு வெற்றிடம் சேர்வதால் அங்கே இது அதிகம். ஃபிளாக்கில் கோப்பிலேயே இந்தக் குறை கிடையாது, செயலி மட்டும் ஒத்துழைக்க வேண்டும். 'கேப்லெஸ்' வசதி இருக்கிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஃபூபார்2000 இதை ஒழுங்காகச் செய்யும். ஷஃபிளை அணைத்துவிடுங்கள், பல்லவிக்குப் பின் தானம் வரக்கூடாது.

13. சினிமாப் பாட்டுக்குப் பெயரிடும்போது தொடக்கத்திலேயே ஒரு முறையை வகுத்துக்கொள்ளுங்கள். ஆல்பம் என்ற இடத்தில் படத்தின் பெயர், ஆர்ட்டிஸ்ட் என்ற இடத்தில் பாடியவர், கம்போசர் என்ற இடத்தில் இசையமைப்பாளர், லிரிசிஸ்ட் என்ற இடத்தில் பாடலாசிரியர். 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' என்று தனியாக ஓர் இடம் இருக்கும். அதில் படத்தின் எல்லாப் பாட்டுக்கும் இசையமைப்பாளர் பெயரையே போடுங்கள். அதை வெறுமையாக விட்டால் ஐந்து பாடகர் பாடிய ஒரு படம் ஐந்து துண்டாகச் சிதறும். ஒரே சிடியில் இரண்டு படம் இருந்தால் எடுக்கும்போதே இரண்டு ஃபோல்டராகப் பிரித்துவிடுங்கள். எம்பி3டேக் என்ற மென்பொருள் பெயரில் எம்பி3 இருந்தாலும் ஃபிளாக்கையும் கையாளும். நூறு கோப்புகளை ஒரே மூச்சில் திருத்தலாம்.

14. கச்சேரிப் பதிவுகளுக்கு இந்த முறை போதாது. நெட்டிலிருந்து தானாக வந்து விழும் விவரங்களில் கீர்த்தனை இயற்றியவர் பாடகராகவும், பாடகர் ஆல்பமாகவும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கையால் திருத்துவதுதான் ஒரே வழி. அந்த உழைப்பு வீண்போகாது. கம்போசர் இடத்தில் தியாகராஜர், முத்துஸ்வாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி, பாபநாசம் சிவன் என்று இயற்றியவர். ஆர்ட்டிஸ்ட் இடத்தில் முதன்மைக் கலைஞர். வயலின், மிருதங்கம், கடம், கஞ்சிரா வாசித்தவர்களை 'பெர்ஃபார்மர்' இடத்தில் போடுங்கள். பக்கவாத்தியக்காரர்களின் பெயர் அழிந்துபோகாமல் இருக்க இதுவே இடம். ஃபிளாக்கில் ராகம், தாளம் என்று நாமே புதிய புலங்களை உண்டாக்கிக்கொள்ளலாம். புலத்தின் பெயர் ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும். உள்ளே எழுதுவது தமிழில் இருக்கலாம்.

போன் செயலிகள் பல இந்தப் புதுப் புலங்களைக் காட்டாது. அதனால் பாட்டின் பெயரோடு ஒரு கோடு போட்டு ராகத்தையும் சேர்த்துவிடுங்கள். காம்போதியா காம்போஜியா, கரகரப்ரியாவா கரஹரப்ரியாவா என்பதை முதல் நாளே முடிவுசெய்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். பாதி ஒரு மாதிரி, பாதி வேறு மாதிரி எழுதினால் தேடும்போது பாதிதான் கிடைக்கும். ஒழுங்காகச் செய்த சேகரத்தில் 'தோடி' என்று தட்டினால் வீட்டில் இருக்கும் அத்தனை தோடியும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நிற்கும். சிடி அலமாரியால் தர முடியாத இன்பம் இது ஒன்றுதான். கம்ப்யூட்டர் பக்கம் போக எனக்குத் தெரிந்த மிகப் பெரிய காரணமும் இதுவே.

15. விண்டோஸில் ஒலி அமைப்புக்குள் போய் மூன்று காரியம் செய்யுங்கள். 'என்ஹான்ஸ்மென்ட்ஸ்' எதுவானாலும் அணையுங்கள். மாதிரி வீதம் 48,000 என்று இருந்தால், பெரும்பாலும் சிடிப் பதிவுகளையே கேட்பவர் 44,100-க்கு மாற்றுங்கள். மின்னஞ்சல் வந்தால் அடிக்கும் மணியையும் மற்ற சத்தங்களையும் நிறுத்துங்கள். ஆம்ப்ளிபையரில் அது அறை முழுக்க ஒலிக்கும். கம்ப்யூட்டரில் ஒலியளவை முழுதாக வைத்து ஆம்ப்ளிபையரின் திருகில் கூட்டிக் குறைப்பது நல்ல பழக்கம்.

16. ஹார்டு டிஸ்க் ஒருநாள் நிற்கும். அன்று அழாமல் இருக்க, முழுச் சேகரத்தையும் இன்னொரு வெளி டிஸ்க்கில் பிரதி எடுத்து வேறு ஊரில் இருக்கும் அண்ணன், தங்கை வீட்டில் வையுங்கள். 9-வது குறிப்பில் சொன்ன குடும்பப் பதிவுகளை மட்டுமாவது மூன்றாவது இடத்திலும் வையுங்கள். பென் டிரைவைப் பிரதி என்று நம்ப வேண்டாம்.

17. சிடியில் கீழ்ப்பக்கத்தைப் பொத்திப் பொத்தி வைக்கிறோம். உண்மையில் மேல்பக்கம்தான் மென்மையானது. வட்டின் கனம் 1.2 மில்லிமீட்டர், அதில் பெரும்பகுதி கீழ்ப்பக்கத்துப் பிளாஸ்டிக். பாட்டைத் தாங்கும் அலுமினியப் படலம் லேபிளுக்கு நேர் அடியில், மெல்லிய பூச்சுக்குக் கீழே இருக்கிறது. கீழே விழும் சிறு கீறலைப் பிளேயர் கணக்குப் போட்டுச் சமாளித்துவிடும். மேலே ஆழமாகக் கீறினால் பாட்டே போய்விடும். லேபிள் மேல் பால்பாயின்ட் பேனாவால் எழுதாதீர்கள். அழுக்கான வட்டை வெதுவெதுப்பான நீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டுக் கழுவி, மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் கீறலும் வட்டமாக விழும். பாட்டு ஓடும் திசையும் அதுதான் என்பதால் பிளேயருக்கு அதைச் சமாளிப்பது கடினம். பற்பசை தேய்ப்பது வேண்டவே வேண்டாம்.

18. மேற்கத்திய சாஸ்திரீய இசை சிடிக்களைச் சேர்த்தவர்கள் அவற்றின் நிறத்தைப் பாருங்கள். இங்கிலாந்தின் பிளாக்பர்ன் நகரில் ஓர் ஆலையில் 1988 முதல் 1993 வரை தயாரான வட்டுகளில் ஒரு பகுதி, பூச்சுக் குறைபாட்டால் விளிம்பிலிருந்து செம்பு நிறமாக மாறிக் கெட்டது. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் உடனே கம்ப்யூட்டருக்கு எடுங்கள். பல வட்டுகள் சேர்ந்த பழைய பெட்டிகளில் நடுவே வைத்திருக்கும் ஸ்பாஞ்சு உளுத்து வட்டில் ஒட்டிக்கொள்ளும், எடுத்து எறிந்துவிடுங்கள்.

19. நெட்டில் மாதச் சந்தா கட்டிக் கேட்பதும் கம்ப்யூட்டர் வழிதான். புதுப் பாட்டைத் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி இல்லை. ஆப்பிள் மியூசிக் 2021-இல் சிடி தரத்தையும் அதற்கு மேலானதையும் கூடுதல் கட்டணமில்லாமல் கொடுக்க ஆரம்பித்தது. ஆனால் அங்கே எதுவும் உங்களுடையதாக இல்லை. 2022 ஜனவரியில் பாடகர் நீல் யங் ஸ்பாட்டிஃபையோடு முரண்பட்டதில் அவருடைய பாடல்கள் அங்கிருந்து இறங்கின. ஏர்டெல்லின் விங்க் மியூசிக் 2024-இல் மூடப்பட்டது. உயிருக்கு நெருக்கமான பதிவு சிடியில் இருக்கிறதென்றால், 'நெட்டில்தான் இருக்கிறதே' என்று அதைக் கொடுத்துவிடாதீர்கள். நெட்டில் இருப்பது அதே கச்சேரிதானா, வேறு ஆண்டுப் பதிவா என்றும் பாருங்கள். பாட்டும் பாடகரும் ஒன்றாக இருந்து பதிவு வேறாக இருப்பது கர்நாடக இசையில் சர்வசாதாரணம்.

20. சமையல் செய்துகொண்டே கேட்க புளூடூத் ஸ்பீக்கர் போதும். உட்கார்ந்து கேட்க வயர் போடுங்கள். புளூடூத் வழியே போகும்போது ஒலி பெரும்பாலும் இன்னொரு முறை சுருக்கப்படுகிறது. ஃபிளாக்குக்காகப் பட்ட பாட்டில் கொஞ்சம் அங்கே போய்விடும்.

21. கம்ப்யூட்டரின் விசிறிச் சத்தமே தொந்தரவாக இருக்கிறதா? ராஸ்பெரி பை போன்ற உள்ளங்கை அளவுக் கணினியில் வால்யூமியோ என்ற மென்பொருளை ஏற்றி, ஒரு டாக்கையும் ஹார்டு டிஸ்க்கையும் இணைத்துவிட்டால் பாட்டுக்கென்றே ஒரு மௌனமான பெட்டி தயார். போனிலிருந்து இயக்கலாம். பழைய பை மாடல்களில் இருக்கும் ஹெட்போன் துளையை நம்பாதீர்கள், அதன் ஒலி மட்டமானது, டாக் கட்டாயம். திடீரென்று கரண்ட் போனால் அதன் மெமரி கார்டு கெட்டுப்போக வாய்ப்புண்டு. இன்வெர்ட்டர் இணைப்பில் வையுங்கள். நிறுத்தும்போது போனிலிருந்து முறையாக நிறுத்துங்கள். இடி மின்னல் நாட்களில் எல்லாவற்றின் பிளக்கையும் கழற்றிவிடுங்கள்.

22. சிடி பிளேயருக்கும் டாக்குக்கும் ஒதுக்கிய பணத்தில் பாதியை ஸ்பீக்கருக்குத் திருப்புங்கள். வாங்க முடியாவிட்டாலும், இருப்பதை இடம் மாற்றுங்கள். கண்ணாடி ஷோகேஸுக்குள் பொம்மைகளோடு வைத்த ஸ்பீக்கரில் மிருதங்கத்தின் தொப்பி உறுமும், வலந்தலை மங்கும். வெளியே எடுத்து, காது உயரத்தில், சுவரிலிருந்து ஒரு முழமாவது தள்ளி, இரண்டு ஸ்பீக்கரும் நீங்கள் உட்காரும் இடமும் சமபக்க முக்கோணமாக இருக்கும்படி வையுங்கள். டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் உள்ள கூடத்தில் ஒலி அடித்துத் திரும்பும். ஒரு ஜமுக்காளமும் கனமான திரையும் புத்தக அலமாரியும் அதைக் குறைக்கும். சிடியிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாறியதில் கேட்காத வித்தியாசம் இதில் கேட்கும்.

23. எல்லாவற்றையும் எடுத்து முடித்த பிறகும் சிடிக்களை எறியாதீர்கள். டிஸ்க் இரண்டும் போனால் மீண்டும் எடுக்க அவைதான் மூலம். உள்ளே இருக்கும் சிறு புத்தகங்களையும் பாருங்கள். பக்கவாத்தியம் யார், தம்பூரா யார், எந்த ஆண்டு, எந்த சபா, பாட்டின் சாகித்தியம், சில நேரம் ராகத்தைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு. நெட் சேவைகளில் இந்த விவரம் பெரும்பாலும் கிடையாது. 300 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்து, பாட்டு இருக்கும் அதே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். ஸ்கேனர் இல்லாவிட்டால் நல்ல பகல் வெளிச்சத்தில் போனில் எடுத்த படமும் போதும். ஆனால் அட்டைப்படத்தோடு நிறுத்திவிடாமல் எல்லாப் பக்கங்களையும் எடுங்கள்.